டிவிடி ரெக்கோடரை ரிவியோடு இணைக்க எந்த வயர்?

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் இரண்டு ரிவி இருக்கின்றன. ஹோலில் சுவரில் மாட்டிய தட்டை ரிவி. அம்மாவின் அறையில் பின்பக்கம் பெருத்த பழைய பெட்டி ரிவி. இரண்டுக்கும் நடுவில் ஒரு டிவிடி ரெக்கோடர். அதை வாங்கியதே ஒரு வேலைக்காகத்தான். அலுமாரிக்குள் கிடந்த விஎச்எஸ் கசெட்டுகளைப் பூஞ்சணம் முழுதாகத் தின்பதற்குள் டிஸ்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. அக்காவின் சாமத்திய வீடு, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் நடந்த சித்தியின் கலியாணம், அப்பாவின் குரல் பதிவாகியிருக்கிற ஒரேயொரு வீடியோ எல்லாம் அந்தக் கசெட்டுகளில்தான் இருந்தன.

மாற்றி முடித்த பிறகு, எந்த வயரில் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்குப் போய், "டிவிடிக்கு வயர் வேணும் நானா" என்றேன். அவர் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "தம்பி, முதல்ல வீட்டுக்குப் போய் ரெக்கோடருக்குப் பின்னால ஒரு ஃபோட்டோ, ரிவிக்குப் பின்னால ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு வாங்க. ரெண்டிலயும் இருக்கிற ஓட்டைக்குத்தான் வாங்கலாம்" என்றார். நல்ல வியாபாரி. ஒரு விற்பனையை அன்றைக்கு விட்டுவிட்டு எனக்குச் சரியான வழியைக் காட்டினார். நீங்களும் அந்த இரண்டு படங்களிலிருந்தே தொடங்குங்கள். என் ரெக்கோடரின் முதுகில் மஞ்சள் சொக்கெட், எஸ்-வீடியோ, பச்சை-நீலம்-சிவப்பு மூன்று, எச்டிஎம்ஐ நான்கும் இருந்தன. தட்டை ரிவியில் எச்டிஎம்ஐயும் ஒரு சின்ன ஏவி துளையும். அம்மாவின் ரிவியில் எச்டிஎம்ஐ தவிர மற்ற மூன்றும்.

மஞ்சள் வயரில் தொடங்குகிறேன், ஏனென்றால் பெட்டிக்குள் அதுதான் வரும், பெரும்பாலானோர் அதோடு நின்றுவிடுகிறார்கள். கொம்போசிட் என்று சொல்வது இதைத்தான். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. படத்தின் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிஸ்கில் இந்த இரண்டும் ஏற்கெனவே தனித்தனியாகத்தான் பதிந்திருக்கின்றன. ரெக்கோடர் அவற்றை ஒன்றாகக் கலந்து அனுப்ப, ரிவி அதைத் திரும்பப் பிரிக்க முயல்கிறது. சோற்றையும் கறியையும் குழைத்து உருட்டிக் கொடுத்துவிட்டு, இனி வேறாக்கிச் சாப்பிடு என்பது மாதிரி. முழுதாகப் பிரிக்க முடியாது. எங்கள் நாட்டில் புழங்கும் 'பால்' (PAL) என்ற ரிவி முறையில் நிறம் 4.43 மெகாஹேட்ஸ் அலையில் ஏறிப் போகிறது. படத்தின் நுணுக்கமான கோடுகளும் அதே இடத்தில்தான் விழுகின்றன. எனவே ரிவி கோட்டை நிறமென்றும் நிறத்தைக் கோடென்றும் மாற்றி எடுத்துக்கொள்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க நம் கலியாண வீடியோவை விடச் சிறந்த சோதனை கிடையாது. கூறைச் சேலையின் கடும் சிவப்பு முடிகிற ஓரத்தைக் கவனியுங்கள். மஞ்சள் வயரில் அந்த விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறிக்கொண்டிருக்கும். மாமாவின் மெல்லிய கோடு போட்ட சட்டையில், கமரா நகரும்போது, இல்லாத வானவில் ஒன்று மினுங்கும். 14 அங்குலப் பெட்டியில் இது பெரிதாகத் தெரியாது. 43 அங்குலத்தில் கண்ணை உறுத்தும்.

எஸ்-வீடியோ வயரின் முனை வட்டமானது, உள்ளே நான்கு மெல்லிய பின்கள். வெளிச்சம் ஒரு சோடியில், நிறம் இன்னொரு சோடியில். கலப்பே நடக்காததால் ஊரும் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. தரத்தில் ஒரே தாவலில் கிடைக்கிற மிகப் பெரிய முன்னேற்றம் மஞ்சளிலிருந்து எஸ்-வீடியோவுக்குப் போவதுதான் என்பது என் கருத்து. அதற்கு மேலே உள்ள படிகள் எல்லாம் அதைவிடச் சின்னவை. ஆனால் புதிய ரிவிகளில் இந்தச் சொக்கெட்டை வைப்பதை நிறுத்திவிட்டார்கள். பழைய ரிவி வைத்திருப்பவருக்கு மட்டுமே இது ஒரு தெரிவு. பின்கள் இலகுவில் வளைந்துவிடும், பார்த்துச் செருகுங்கள். சத்தம் இதில் போகாது, வெள்ளை-சிவப்பு வயர் தனியாக வேண்டும்.

அடுத்தது கொம்பொனன்ட், அதாவது பச்சை, நீலம், சிவப்பு மூன்று வயர். பெயரைப் பார்த்து இவை அந்தந்த நிறத்தைக் கொண்டுபோகின்றன என்று நினைக்க வேண்டாம். பச்சையில் வெளிச்சமும், படத்தை ஒழுங்காக நிறுத்துகிற ஒத்திசைவுத் துடிப்பும் போகின்றன, மற்ற இரண்டில் நிற வேறுபாடுகள். அதனால்தான் பச்சையை மட்டும் மாட்டினால் தெளிவான கறுப்பு வெள்ளைப் படம் வரும். நீலமும் சிவப்பும் இடம் மாறினால் முகங்கள் எல்லாம் பேயறைந்த நிறத்தில் வரும்.

இந்த வயரின் அருமை எனக்கு விளங்கியது ரொறொன்ரோவிலிருந்து வந்த ஒரு டிஸ்கால். மாமா தன் மகளின் கலியாணத்தை அங்கே எடுத்து, டிவிடியாக அனுப்பியிருந்தார். அம்மாவின் ரிவியில் மஞ்சள் வயரால் போட்டோம். படம் வந்தது, ஆனால் நிறமே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இந்தக் காலத்திலயும் கறுப்பு வெள்ளையிலயா எடுத்தவங்கள்?" என்று கேட்டார்.

காரணம் இதுதான். இலங்கை பால் முறை நாடு: 625 கோடு, செக்கனுக்கு 25 படம். கனடா என்டிஎஸ்சி நாடு: 525 கோடு, செக்கனுக்குக் கிட்டத்தட்ட 30 படம். கோட்டு எண்ணிக்கை மட்டுமல்ல, மஞ்சள் வயரில் நிறத்தைச் சுமக்கிற முறையும் வேறு. அம்மாவின் ரிவி 60 ஹேட்ஸ் படத்தைத் தாங்கிக்கொண்டது, ஆனால் என்டிஎஸ்சி நிறத்தை வாசிக்கத் தெரியவில்லை. எஸ்-வீடியோவுக்கு மாற்றினாலும் இதே கதைதான், ஏனென்றால் அங்கேயும் நிறம் பால் அல்லது என்டிஎஸ்சி முறையில்தான் ஏறிப் போகிறது. கொம்பொனன்டில் அப்படி ஏற்றுகிற வேலையே இல்லை. நிற வேறுபாடுகள் நேராகவே தனி வயரில் போகின்றன. மூன்று வயரையும் மாட்டினேன். மச்சாளின் கூறை சிவப்பாக வந்தது. அம்மா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று மணித்தியாலம் எழும்பவில்லை.

கொழும்பில் எத்தனை வீடுகளுக்கு இப்படி ரொறொன்ரோவிலிருந்தும் மொன்றியலிலிருந்தும் டிஸ்க் வந்திருக்கும். நிறம் வரவில்லை என்று அதைத் தூக்கி மூலையில் வைத்தவர்களும் இருப்பார்கள். லண்டன், சுவிஸ், ஜெர்மனி சொந்தங்களின் டிஸ்குகளில் இந்தச் சிக்கல் வராது, அங்கேயும் பால்தான். பாரிஸ் ஒளிபரப்பு 2011 வரை சீகாம் என்ற வேறொரு முறையில் இருந்தாலும் அங்கிருந்து வரும் டிஸ்குகள் 625 கோட்டுக் கணக்கிலேயே இருக்கும், நம் ரெக்கோடர் அவற்றைப் பாலாகவே வெளியே விடும். பாரிஸிலிருந்து வந்த பழைய விஎச்எஸ் கசெட் என்றால் கதை வேறு. நம் டெக்கில் அது பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும், எந்த வயரும் அதைச் சரிப்படுத்தாது. இன்னொன்று: வீட்டில் பதிந்த டிஸ்குகளுக்கு வலயக் கட்டுப்பாடு (ஒரு பகுதியில் விற்கிற டிஸ்க் வேறு பகுதிப் பெட்டியில் ஓடாமல் தடுக்கும் எண்) கிடையாது. கடையில் வாங்கிய படங்களுக்குத்தான் அந்த எண் இருக்கும், இலங்கைக்கு 5.

கொம்பொனன்டில் ஒரு தொல்லையும் உண்டு. சிவப்பு முனை இரண்டு வந்துவிடும், ஒன்று படத்துக்கு, மற்றது வலப்பக்கச் சத்தத்துக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். மாற்றிச் செருகினால் ஒன்றும் எரியாது, படத்தின் நிறம் கெட்டு ஒரு பக்க ஸ்பீக்கரில் இரைச்சல் வரும், அவ்வளவுதான். நான் படத்துக்குரிய சிவப்பில் ஒரு துண்டு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பிறகு, ரெக்கோடரின் மெனுவில் புரொகிரெசிவ் (படத்தின் எல்லாக் கோடுகளையும் ஒரே தடவையில் அனுப்பும் முறை) என்ற ஒன்று இருக்கும். பழைய பெட்டி ரிவிகள் பலவற்றால் அதை ஏற்க முடியாது. அதை ஒன் செய்தால் படம் முழுக்கக் கிழிந்துபோகும், மெனுவும் தெரியாமல் போகும். ஆகவே முதலில் மஞ்சளை மாட்டி, மெனுவில் செட்டிங்கைப் பார்த்து, புரொகிரெசிவை ஓஃப் செய்துவிட்டு, அப்புறம் மூன்று வயருக்கு மாறுங்கள்.

இனி எச்டிஎம்ஐ. 2002 டிசம்பரில் வெளியான இந்த இணைப்பு, படத்தையும் சத்தத்தையும் எண்களாகவே (டிஜிட்டலாக) ஒரு வயரில் கொண்டுபோகிறது. டிஸ்கில் எண்ணாக இருப்பது ரிவி வரைக்கும் எண்ணாகவே போகிறது. நடுவில் மாற்றமும் இல்லை, திரும்ப மாற்றுவதும் இல்லை. மாட்டுவது இலகு, நிறம் மாறிச் செருகுகிற பேச்சே இல்லை, பால்-என்டிஎஸ்சி நிறச் சிக்கலும் இல்லை. இரண்டு பெட்டியிலும் இந்தச் சொக்கெட் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். எங்கள் ஹோலில் இதுதான்.

ஆனால் கடையில் சொல்வதைப் போல டிவிடி இதனால் எச்டி ஆகிவிடாது. டிஸ்கில் இருப்பது 720க்கு 576 புள்ளி. ரெக்கோடர் அதை 1920க்கு 1080 ஆக இழுத்துப் பெருப்பிக்கிறது. ரெக்கோடர் செய்யாவிட்டால் ரிவி அதையே செய்யும். யார் நன்றாகச் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி, அதற்கு விடை உங்கள் வீட்டில் பார்த்தால்தான் தெரியும். கலியாண வீடியோக்கள் ஒன்றுவிட்ட கோட்டு முறையில் (ஒரு தடவை ஒற்றை எண் கோடுகள், அடுத்த தடவை இரட்டை எண் கோடுகள்), செக்கனுக்கு 50 அரைப்படங்களாக எடுக்கப்பட்டவை. அறுகரிசி போடுகிற கைகள் வேகமாக அசையும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரிப் பிரிந்தால், அரைப்படங்களைச் சேர்க்கிற வேலையைப் பெட்டி ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். என் ரெக்கோடரை 1080இல் விட்டபோது இந்தப் பல் தெரிந்தது. எச்டிஎம்ஐ வெளியீட்டையே 576 ஒன்றுவிட்ட கோட்டுக்குக் குறைத்து, மீதியை ரிவியிடம் விட்டேன், சுத்தமாகிவிட்டது. எல்லா ரெக்கோடரிலும் இந்தத் தெரிவு இருக்காது. இருந்தால் ஒரு தடவை சோதியுங்கள், பெரிய எண் எப்போதும் நல்ல படம் என்றில்லை.

எச்டிஎம்ஐ வயருக்கு அதிக காசு கொடுக்கவே வேண்டாம். 8கே, 48 கிகாபிட் என்றெல்லாம் பெட்டியில் போட்டிருக்கும். முதல் எச்டிஎம்ஐ வயரே 4.95 கிகாபிட் தாங்கும், 1080பி படத்துக்கு அது போதும். எண்களாகப் போகிற படம் வயரைப் பொறுத்துக் கூர்மையாவதும் இல்லை, மங்குவதும் இல்லை. வயர் பழுதென்றால் வெள்ளைப் பொறி பறக்கும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது வராது. பொறி பறக்காத சாதாரண வயர், பத்து மடங்கு விலை வயர் தருகிற அதே படத்தைத் தரும். இரண்டு மீற்றருக்குள் இதில் சந்தேகமே வேண்டாம்.

மீதி இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்கார்ட் என்பது 21 பின் உள்ள அகன்ற ஐரோப்பிய முனை. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ யாராவது கொண்டுவந்து கொடுத்த ரெக்கோடரில் இருக்கலாம், நம் கடை ரிவிகளில் பொதுவாக இருக்காது. அதற்காக மாற்றிப் பெட்டி தேடி அலைய வேண்டாம், அதே பெட்டியில் வேறு வெளியீடும் இருக்கும். அன்ரனா வயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். ரெக்கோடரின் அன்ரனா உள்-வெளித் துளைகளை இணைத்துவிட்டு, டிஸ்க் படம் எந்தச் சனலிலும் வரவில்லையே என்று தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிற்கால ரெக்கோடர்கள் பலவற்றில் அந்தத் துளை கூரையில் உள்ள அன்ரனா சிக்னலை ரிவிக்குக் கடத்த மட்டும்தான். டெக் காலத்தில் அந்த வயராலேயே படம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

புதிய தட்டை ரிவியில் மூன்று சொக்கெட்டுக்குப் பதிலாக, ஹெட்ஃபோன் துளை போன்ற ஒன்று ஏவி என்ற எழுத்தோடு இருந்தால், அதற்கென்று ஒரு பிரிவு வயர் தேவை. ரிவியோடு வந்ததைத் தொலைக்காதீர்கள். வெளியே ஒரே மாதிரி தெரியும் வயர்களில் உள்ளே படமும் மண் இணைப்பும் இடம் மாறியிருக்கும், கம்பனிக்குக் கம்பனி வேறு. வேறு சில ரிவிகளில் மஞ்சளைப் பச்சைச் சொக்கெட்டில்தான் செருக வேண்டும், இரண்டுக்கும் ஒரே துளை. அங்கே உள்ளீட்டு மெனுவில் தவறானதைத் தெரிவுசெய்தால் நிறம் வராது.

மாற்றிப் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில் காசை இழந்தேன். ஒரு கடையில் ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று நிறம் உள்ள வெறும் வயரைத் தந்து, இதுவே மாற்றும் என்றார்கள். மாற்றாது. எண் படத்தை அலைப் படமாக்க (அனலொக்) நடுவில் மின்சாரம் பிடித்து வேலை செய்கிற சின்னப் பெட்டி வேண்டும், வெறும் கம்பியால் முடியாது. பெட்டி வாங்கினாலும் திசையைப் பாருங்கள். மஞ்சளை எச்டிஎம்ஐ ஆக்குவது ஒன்று, எச்டிஎம்ஐயை மஞ்சளாக்குவது இன்னொன்று. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

ரெக்கோடருக்கு உள்ளே போகிற வயர் எது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் வெளியே வருகிற வயரை விட முக்கியமாகப் படுகிறது. பதிந்த பின் திருத்த முடியாதே. ரெக்கோடரின் எச்டிஎம்ஐ வெளியே மட்டும்தான், உள்ளே எடுக்காது. சாதாரண விஎச்எஸ் டெக்கின் முதுகில் மஞ்சள்தான் இருக்கும், அதுவே போக வேண்டும். அங்கே கலந்த நிறத்தை ரெக்கோடர் பிரிக்கும்போது விடுகிற பிழைகள் டிஸ்கில் அப்படியே பதிந்துவிடும், பிறகு எச்டிஎம்ஐயில் பார்த்தாலும் அந்த ஊரும் புள்ளிகள் கொஞ்சம் இருக்கும். சித்தியின் கலியாண டிஸ்கை நான் மூன்று வயராலும் ஓட்டிப் பார்த்தேன். வித்தியாசம் சொற்பம். விஎச்எஸ்ஸிலேயே குறுக்காக ஏறக்குறைய 240 கோட்டு நுணுக்கம்தான் உண்டு. அதே வேளை, பிறகு மினி டிவி (Mini DV, சின்ன டிஜிட்டல் கசெட்) கமராவில் எடுத்து டிஸ்காகக் கிடைத்த வீடியோவில் மஞ்சளுக்கும் கொம்பொனன்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் உங்களிடம் இருப்பது பழைய கசெட் மட்டும்தான் என்றால், வயருக்குச் செலவழிக்க இருக்கும் காசை டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். சூப்பர் விஎச்எஸ் டெக்கோ ஹை8 கமராவோ இருந்தால் எஸ்-வீடியோவால் உள்ளே விடுங்கள். மினி டிவி கமரா கையில் இருந்து, ரெக்கோடரின் முன்பக்கம் டிவி (DV) உள்ளீடு என்ற சின்ன நான்கு பின் துளையும் இருந்தால், அந்த வயரைத் தேடிப்பிடித்தாவது வாங்குங்கள். டேப்பில் இருக்கும் எண்கள் அப்படியே உள்ளே போகும்.

தங்க முலாம் பூசிய முனை நல்ல படம் தரும் என்பது சரியில்லை, ஆனால் அதற்கு இங்கே ஒரு பயன் இருக்கிறது. மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று எதையும் விடாது. எங்கள் வீட்டில் முலாம் இல்லாத பழைய முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, படம் நடுங்கத் தொடங்கியது. தங்கம் களிம்பேறாது. ஆனால் பெயருக்குப் பூசிய மெல்லிய முலாம் அப்படி நாள் நிற்காது. அலைப் படத்துக்கான வயரில் 75 ஓம் என்று இருக்கிறதா, உள்ளே கம்பி வலைக் கவசம் இருக்கிறதா என்று பார்ப்பது, பளபளப்பைப் பார்ப்பதை விட முக்கியம். அவசரத்துக்கு மூன்று சத்த வயரைக் கொம்பொனன்டுக்குப் போட்டாலும் ஒன்றரை மீற்றரில் படம் வரும், நான் ஒரு கிழமை அப்படித்தான் ஓட்டினேன்.

படத்தில் ஓர் அகன்ற பட்டை மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தால் வயரைக் குற்றம் சொல்லாதீர்கள். அன்ரனா அல்லது டிஷ் வயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். பட்டை நின்றால், இரண்டு மண் இணைப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் காரணம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே பல முனைச் சொக்கெட்டில் போட்டால் பெரும்பாலும் சரியாகும். மூன்றாவது பின்னை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து.

எங்கள் வீட்டில் முடிவு இப்படி: ரெக்கோடர் அம்மாவின் அறைக்கும் ஹோலுக்கும் நடுச்சுவரில். ஹோலுக்கு இரண்டு மீற்றர் எச்டிஎம்ஐ, அம்மாவுக்குக் கொம்பொனன்டும் வெள்ளை-சிவப்புச் சத்த வயரும். சில ரெக்கோடர்களில் எச்டிஎம்ஐ வேலை செய்யும்போது கொம்பொனன்ட் நின்றுவிடும், என்னுடையதும் அப்படித்தான். ஆகவே அம்மா பார்க்கும்போது ஹோல் ரிவியை ஓஃப் செய்து எச்டிஎம்ஐ முனையைக் கழற்றிவிடுகிறோம். கழற்றிய முனை தொங்கும் இடத்தில் ஓர் ஆணியும், அதன் மேல் "அம்மா பார்க்கும்போது" என்று எழுதிய டேப்பும் இருக்கின்றன.